நயினார் வாய்விட்டுச் சொன்ன வரி

குரு என்றதும் தாடியும், சீடன் என்றதும் அரும்பு மீசையும் நினைவுக்கு வருகிறவர்கள் அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் தாடி சீடருக்கு. ஆறுமுகநயினார் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். அவருடைய குரு ரோஸ்லின் டீச்சருக்கு நாற்பத்தைந்து வயது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறவர், நாலு நாவல் எழுதியவர்.

சனிக்கிழமைதோறும் நயினார் தான் எழுதிய பக்கங்களை டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோவார். டீச்சர் படித்துப் பார்த்துப் பிடிக்காததை அடிப்பார். பெரும்பாலும் அடிப்பார். நயினார் காப்பியைக் குடித்துவிட்டு, அடிபடாமல் தப்பித்த நாலு வரியோடு சந்தோஷமாக வீடு திரும்புவார்.

மேடை ஏறுகிற இடத்திலெல்லாம் டீச்சரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். உங்களுக்குக் கதை எங்கேயிருந்து கிடைக்கிறது? டீச்சர் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார். கல்லூரிப் பெண்களிடம், "எங்க பக்கத்து வீட்டு மதிலு ரொம்பக் குட்டை" என்பார். நயினார் முதல்முறை கேட்டபோது, "மார்க்கெட்ல கத்தரிக்கா வாங்கினா கருவேப்பில சும்மா தாராங்கல்லா அண்ணாச்சி, அப்படிக் கொசுறா வருது" என்றார்.

நயினார் அதை நம்பிவிட்டார். மறுநாளே மார்க்கெட்டுக்குப் போனார். அங்கே கருவேப்பிலை மட்டும்தான் கிடைத்தது. பிறகு பஸ் நிலையம், அதன் பிறகு கோர்ட்டு வராந்தா. வாயைத் திறந்துகொண்டு நின்ற மனிதரைச் சாட்சி சொல்ல வந்தவர் என்று நினைத்து ஒரு குமாஸ்தா உள்ளே கூட்டிக்கொண்டு போனதும் நடந்தது.

அவர் சட்டையை மாட்டும்போதே மனைவி பகவதி கேலியை ஆரம்பித்துவிடுவாள். "கதை பிடிக்கக் கெளம்பியாச்சா? அப்படியே ரெண்டு முருங்கைக்காயும் பிடிச்சிட்டு வாங்க."

ஒருநாள் அவள் கேட்டாள். "ஊரு ஒலகத்தையெல்லாம் எழுதுதீக. என்னையப் பத்தி ஒரு வரி எழுதினா கையா ஒடிஞ்சிரும்?"

"ஒன்னப் பத்தி எழுத என்ன இருக்கு?" என்றார் நயினார்.

பொல்லாத மனிதர் இல்லை. தெரியாமல் சொன்னதுதான். அவளும் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தப் பகவதி ஐப்பசி மழையில் காய்ச்சலாகப் படுத்தாள், எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் நயினார் டீச்சர் வீட்டு வாசலில் நின்றார். அன்று சனிக்கிழமை இல்லை. கையில் ஒரு துணிப்பை கனத்தது. டீச்சர் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மின்விசிறியைப் போட்டார். துக்க வீட்டுக்கு ஏற்கெனவே வந்து போயிருந்ததால் ஆறுதல் எதுவும் திரும்பச் சொல்லவில்லை.

நயினார் பையை மேசைமேல் வைத்தார். அவர் எழுதிக்கொண்டிருந்த நாவல் முழுவதும் அதில் இருந்தது.

"இத நீங்களே வச்சுக்கிடுங்க டீச்சர். கிழிச்சுப் போட்டாலும் சரி. இனிமே நான் எழுத மாட்டேன்."

"ஏன்?"

"எழுதுதவன் மனுசன் இல்ல டீச்சர்."

"நானும் எழுதுதேனே அண்ணாச்சி."

நயினார் பதறிப்போனார். "ஐயையோ, உங்களச் சொல்லல. என்னையச் சொல்லுதேன்."

"என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? டீச்சர் காதுக்கும் விஷயம் முன்பே வந்திருந்தது. ஆனாலும் அவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நயினார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பகவதியைத் தூக்குவதற்கு முன்னால் பெண்கள் நகைகளைக் கழற்றினார்கள். சங்கிலி வந்தது, கம்மல் வந்தது, வளையல் வந்தது. மூக்குத்தி மட்டும் வரவில்லை. மாற்றி மாற்றித் திருகிப் பார்த்தார்கள். நயினார் பக்கத்தில்தான் நின்றார். எல்லோரும் அழுதார்கள், அவருக்கு அழுகை வரவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்தது.

"மனசுல வந்துச்சா?" என்று கேட்டார் டீச்சர்.

"வாய்விட்டே சொல்லிட்டேன் டீச்சர். மேடையில வாசிக்க மாதிரி, சுத்தத் தமிழ்ல. 'மூக்குத்தி மட்டும் விடைபெற மறுத்தது.' அவ்வளவு பேரு அழுத சத்தமும் சட்டுன்னு நின்னுபோச்சு."

நயினார் மேலும் சொன்னார்.

"எம்பொண்ணு செண்பகா அவ அம்மா தலமாட்டுல உக்காந்திருந்தா. என்னைய ஏறிட்டுப் பாத்தா. 'கதை கெடைச்சிருச்சுல்லப்பா?'ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. அன்னையிலருந்து ஒரு வார்த்தை எங்கிட்ட பேசல. சாப்பாட்டத் தட்டுல வச்சு எங்கிட்ட தள்ளிவிட்டுட்டுப் போயிருதா. இன்னைக்குச் சாயங்காலம் ரயிலுக்கு பெங்களூருக்குப் போறா. எனக்கு ஒத்தப் பிள்ள டீச்சர். இப்படியே போனான்னா இனி எங்க வரப்போறா?"

அப்போதும் அவர் கண் காய்ந்தே கிடந்தது.

"பகவதி ஒரு வரி கேட்டா. குடுக்கல. அவ பொணமாக் கெடக்கையில குடுத்திருக்கேன். அதுவும் எப்படிப்பட்ட வரி."

டீச்சர் எழுந்துபோய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"எங்க அப்பாவப் பெட்டியில வச்சு மூடுதாங்க, அண்ணாச்சி. ஆணி அடிக்க வந்தவரு காதுல ஒரு பென்சில் சொருகி இருந்துச்சு. பல்லால கடிச்சுக் கடிச்சு நுனியெல்லாம் நைஞ்சுபோன பென்சிலு. நான் அதையேதான் பாத்துக்கிட்டு நின்னேன். எங்க அம்மா என் தோள்ல சாஞ்சு கதறுதா, எனக்கு அந்தப் பென்சிலுதான் தெரியுது."

நயினார் நிமிர்ந்தார். "நீங்களுமா?"

"நானுந்தான்."

"அத எழுதினீங்களா?"

"ஏழெட்டு வருசம் கழிச்சு எழுதினேன்."

"சரியா வந்துச்சா?"

"பென்சில் வந்துச்சு. அப்பா இன்னும் வரல. அவருக்காகத்தான் தெனமும் விடியக்காலம் எந்திரிக்கேன்."

நயினாருக்கு அந்தப் பதில் ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இந்த அம்மாளும் நம்ம சாதிதான் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் இந்த அம்மாள் வாயைத் திறக்காமல் நின்றாளே என்றும் உடனே தோன்றியது. அதை அப்படியே சொல்லவும் செய்தார்.

"ஆமா, நான் வாயத் தொறக்கல. அதுல ஒண்ணும் பெரும இல்ல" என்றார் டீச்சர்.

பிறகு மேசையிலிருந்த பழைய கேள்வித்தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் நயினார் சொன்ன வரியைக் கொட்டை எழுத்தில் எழுதினார். சனிக்கிழமைகளில் செய்வதுபோலவே அதை அவர் முன்னால் நகர்த்தினார்.

"படிங்க."

"வேண்டாம் டீச்சர். விட்ருங்க."

"படிங்க அண்ணாச்சி."

"மூக்குத்தி மட்டும் விடைபெற மறுத்தது."

"வரி நல்லா இருக்கா?"

நயினாருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன டீச்சர், வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சுதீங்க? குடி முழுகிப் போச்சுன்னு வந்து நிக்கேன், வரி நல்லா இருக்கான்னு கேக்கீங்க?"

"கேக்கேன். சொல்லுங்க."

அவர் தாளைத் திரும்பப் பார்த்தார். பாழாய்ப் போன பழக்கம், பார்க்காமல் இருக்க முடியவில்லை. "கேக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று முணுமுணுத்தார்.

"எனக்கு நல்லா இல்ல" என்றார் டீச்சர். பேனாவால் 'மூக்குத்தி' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "மூக்குத்தி எப்படி அண்ணாச்சி மறுக்கும்? அது ஒத்தக் கல்லு. அது ஏன் வரல?"

"திருகாணி. புரி தேஞ்சு போனது."

"அப்போ கழட்டவே முடியாதா?"

"முடியும்."

"பெறவு ஏன் அத்தன பேரு திருகியும் வரல?"

"அவங்களுக்குத் தெரியாது. மூக்குக்கு உள்ள விரலக் குடுத்து ஒரு அமுக்கு அமுக்கிட்டுத் திருகணும். ஒருக்கா திருகினா வராது, விட்டு விட்டுத் திருகணும். அவளுக்கே வராது." நயினாரின் வலக்கை, மேசைக்கு மேலே காற்றில் எதையோ பிடித்துத் திருகியது. "பொங்கலுக்குப் பொங்கல் நான்தான் கழட்டுவேன். சீயக்காத் தண்ணியில போட்டு அழுக்கெடுத்து, நான்தான் மாட்டியும் விடுவேன். வலிச்சா கையில கிள்ளுவா."

"அன்னைக்கு நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"பக்கத்துலதான் நின்னேன்."

"ஒரு எட்டு எடுத்து வச்சா போதும்."

"போதும்."

"எடுத்து வைக்கல."



"நான் எப்படி டீச்சர் கழட்டுவேன்? அவங்க கழட்டினா அது வெறும் நகை. நான் கைய வச்சேன்னா, போயிட்டு வான்னு நானே சொன்ன மாதிரி ஆயிருமே. கடைசில யாரோ ஒரு ஆச்சி, விடுங்கட்டீ, அது அவளோடயே போகட்டும்னு சொல்லுச்சு. எனக்கு உசுரு வந்துச்சு டீச்சர். அந்த நேரத்துல எனக்கு உசுரு வந்துச்சு."

டீச்சர் பேனாவை அவர் கையில் கொடுத்தார்.

"இப்போ சொல்லுங்க. மறுத்தது யாரு?"

நயினார் பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்த வட்டத்தையே பார்த்தார். 'மூக்குத்தி மட்டும்' என்பதை அடித்தார். அதன் மேலே எழுதப் போனவருக்கு ஒரு எழுத்துகூட ஓடவில்லை. பதினேழு நாளாக வராத அழுகை அப்போது வந்தது. பெரிய மனுசன் இப்படி அழலாமா என்று யோசிக்காமல், மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, பகவதி பகவதி என்று பெயர் சொல்லி அழுதார். டீச்சர் எழுந்துபோய்த் தெருக்கதவை மட்டும் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

ரொம்ப நேரம் கழித்து நயினார் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இதத்தான் எழுதணுமா டீச்சர்?"

"எழுதுதது இருக்கட்டும்" என்றார் ரோஸ்லின் டீச்சர். "செண்பகா காதுல விழுந்தது அடிச்சுப் போட வேண்டிய வரி, அண்ணாச்சி. திருத்தினத அவகிட்ட யாரு சொல்லுவா?"

நயினார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். செண்பகாவின் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. பிறகு எழுந்து வாசலுக்குப் போய், செருப்பைத் தேடி மாட்டத் தொடங்கினார்.