பூவாத்தா கடையின் ஒற்றைச் செம்பு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் செம்பொழில் நாட்டை வீரகேசரி என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் நினைத்தால் நினைத்ததுதான்.

அவருடைய அரண்மனைச் சமையற்கட்டுக்கு அனந்தப்பர் என்பவர் அதிகாரி. அங்கே தினமும் அண்டா அண்டாவாகச் சோறு மிஞ்சும், குழியில் கொட்டுவார்கள். கோட்டை வாசலிலோ பூவாத்தா என்பவள் சின்னதாக ஒரு சோற்றுக்கடை நடத்தினாள். மந்திரிமார்களே அரண்மனைச் சாப்பாட்டை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்தால் அனந்தப்பருக்கு எப்படி இருக்கும்?

சோறு பொங்கிப் போடுவது என்ன பெரிய வித்தையா, அந்தக் கடையை என்னிடம் கொடுத்துப் பாருங்கள் என்று ராஜாவின் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். ராஜாவுக்கும் விளையாட்டுப் பார்க்க ஆசை வந்துவிட்டது. பூவாத்தாளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“நாளை மத்தியானம் உன் கடைக்கு ஆள் அனுப்புவேன். எத்தனை பேர் என்று சொல்ல மாட்டேன். யாரும் பசியோடு திரும்பக் கூடாது. பானையில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது. தவறினால் கடை அனந்தப்பருக்கு.”

பூவாத்தாளின் மூன்று பிள்ளைகள் அந்தக் கடையை நம்பித்தான் வளர்ந்தார்கள்.

“சரிங்க மகாராஜா. நீங்க எங்க அடுப்படியிலேயே உட்கார்ந்து பாருங்க” என்றாள்.

மறுநாள் ராஜா, ஆள் அனுப்பும் வேலையை அனந்தப்பரிடம் விட்டுவிட்டு, கடை அடுப்படியில் மணை போட்டு உட்கார்ந்தார். உச்சிப்பொழுது வரைக்கும் அனந்தப்பர் தெருவை மறித்து ஒருத்தரையும் விடவில்லை. ஆக்கி வைத்த சோறெல்லாம் வீணாகட்டும் என்று கணக்கு. ஆனால் பூவாத்தா ஒரு மணி அரிசிகூட வேகவைக்கவில்லை. நாலு அடுப்பிலும் வெறும் உலை கொதித்தது, பக்கத்தில் ஊறிய அரிசி.

திடீரென்று முந்நூறு சிப்பாய்களை ஒன்றாக அவிழ்த்துவிட்டார் அனந்தப்பர். கைகால் கழுவ வாசலில் இருந்ததோ ஒரே ஒரு செம்பு. “இன்னொரு செம்புக்குக் கதியில்லையா?” என்று அவர் நக்கலடித்தார்.

ஒரே செம்பு என்பதால் சிப்பாய்கள் ஒவ்வொருத்தராகத்தான் கைகால் கழுவி உள்ளே வந்தார்கள். பூவாத்தாளின் தங்கச்சி இலை போட்டு, உப்பு வைத்து, ஊறுகாய் வைத்து, பொரியல் வைத்து, கூட்டு வைத்து முடிப்பதற்கும், இங்கே ஒரு பானை வடிப்பதற்கும் சரியாக இருந்தது. ஆவி பறக்கச் சோறு. ஒரு பந்தி எழுந்தால் அடுத்த பந்தி கை கழுவிக்கொண்டிருந்தது. காத்திருக்கிறோம் என்றே யாருக்கும் தோன்றவில்லை. பூவாத்தா அடிக்கடி ஜன்னல் வழியாக வரிசையை எட்டிப் பார்த்தாள், அதற்குத் தகுந்த மாதிரி அரிசி அள்ளிப் போட்டாள். வரிசை குறையக் குறைய அவள் கையும் குறுகியது.

ராஜா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். போர்க்களத்தில்கூட இப்படி ஓர் ஒழுங்கை அவர் கண்டதில்லை.

கடைசிப் பந்தியில் ராஜாவும் உட்கார்ந்து ருசித்துச் சாப்பிட்டார். அப்போதுதான் அனந்தப்பர் மெல்ல வந்து, “நான் இன்னும் சாப்பிடவில்லையே” என்றார்.

“உட்காருங்க. வரிசையில நிக்காத உங்களையும் சேர்த்துத்தான் கடைசி உலையில அரிசி போட்டேன்.” இலை நிறையப் பரிமாறிவிட்டுப் பானையைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு பருக்கை இல்லை.

அனந்தப்பர் விடவில்லை. “மகாராஜா, இவள் இன்னும் சாப்பிடவில்லை. பசியோடு ஓர் ஆள் மிச்சம். தோற்றுவிட்டாள்.”

பூவாத்தா சிரித்தாள். “நான் காலையிலேயே சாப்பிட்டாச்சுங்க. பசிச்ச வயிறோட ஆக்கினா ஊருக்கே பசிக்குதுன்னு தோணும், அரிசி கூடிப்போகும். உங்க சமையற்கட்டுல எல்லாரையும் பட்டினி போட்டுத்தானே ஆக்கச் சொல்றீங்க? அதான் தினமும் மிஞ்சுது.”

அனந்தப்பர் குனிந்து இலையைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கினார்.

“அம்மா, அரண்மனைச் சமையற்கட்டை நீயே எடுத்துக்கொள்” என்றார் ராஜா.

“நாளைக்கு இங்க வர்றவங்களுக்கு யாருங்க உலை வைக்கிறது? என் கடை எனக்கு இருந்தாப் போதும்.”

கடை அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும்தான், இனி யாரும் உரிமை கேட்கக் கூடாது என்று ராஜா அங்கேயே சொன்னார். பிறகு குனிந்து, தன் எச்சில் இலையைத் தானே மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். ராஜாவே இலை எடுத்தபின் அதிகாரி மட்டும் எப்படிச் சும்மா எழுந்திருப்பது? அனந்தப்பரும் தன் இலையைத் தூக்கிக்கொண்டு, முந்நூறு பேர் பார்க்க, ராஜாவின் பின்னால் நடந்தார்.