நெடுங்கம்பட்டிக்காரர்கள் மட்டை வாங்கிய கதை

எந்த ஊரிலும் ஒரு முட்டாளாவது இருப்பான் என்பார்கள். நெடுங்கம்பட்டியில் ஒரு போராட்டக் குழுவே இருந்தது. குழுவிலிருந்த புத்திசாலிகள் காலாகாலத்தில் பேரம் பேசி வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கொடியைக் கீழே வைக்காமல் மிச்சமிருந்தது பதினொரு பேர்.

அவர்களுக்குத் தலைவர் வீரபத்திரன். ஊருக்குக் கிழக்கே இருந்த மந்தைத் திடலுக்காக ஒரு காலத்தில் சிறைக்குப் போனவர். ஊரில் எத்தனை வீரபத்திரன் இருந்தாலும் 'ஜெயிலுக்குப் போன வீரபத்திரன்' அவர் ஒருவர்தான். அதே திடலைப் பக்கத்து மேலக்குடியும் உரிமை கொண்டாடியது. இரண்டு ஊர் மனுக்களையும் படித்துக் களைத்த தாசில்தார், "கிரிக்கெட் ஆடித் தீர்த்துக்குங்க, ஜெயிச்ச ஊருக்குத் திடல்" என்று சொல்லிவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார்.

திடல் போனால் சிறைக்குப் போனதும் வீண். மிச்ச ஆயுளை வெறும் வீரபத்திரனாகத்தான் கழிக்க வேண்டும். அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆட்டத்துக்கு நல்ல மட்டை வேண்டும். குழு பஸ் ஏறி டவுனுக்குப் போனது. விளையாட்டுச் சாமான் கடை காசிம் பாய் நல்ல மனிதர். அதுதான் வினையாகிவிட்டது.

"நல்ல பேட்டுன்னா, கையில எடுத்தா இருக்கிறதே தெரியக் கூடாது தலைவரே" என்றார் பாய்.

வீரபத்திரன் ஒவ்வொரு மட்டையாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். அப்போதும் தெரிந்தது.

"ஏன் பாய், நல்ல சரக்கை உள்ள வச்சிருக்கீங்களா?"

அப்போது சன்னாசி முன்னால் வந்தார். பழைய மறியல் ஒன்றில் போலீஸ் தடி விழுந்ததிலிருந்து அவருக்கு இரண்டு கையும் மரத்துப் போயிருந்தன. குழு அவர் கையில் ஒரு மட்டையை வைத்தது.

"தெரியுதா தோழர்?"

"தெரியல."

அடுத்ததை வைத்தார்கள்.

"இது?"

"எது?"

கடையிலிருந்த எல்லா மட்டையும் தேறிவிட்டது. குழு அங்கேயே கூடிப் பேசியது. பொருளாளர் மொக்கராசு தன் கருத்தை வைத்தார். "எதுலயும் எடை கிடையாதுன்னு ஆகிப்போச்சு. எடையே இல்லாதப்ப சின்னதை எதுக்கு வாங்கணும்? பெருசா வாங்கினா மரமாவது மிஞ்சும்."

இருப்பதிலேயே கனமான மட்டையை வாங்குவது என்று ஒருமனதாக முடிவானது. இரண்டு தோழர்கள் முன்னும் பின்னும் பிடித்துத் தூக்கினார்கள். பாய்க்கு மனசு கேட்கவில்லை. "நட்டு வச்சா ஆள் இடுப்புக்கு வரணும், பாத்துக்குங்க. புதுசா அப்படியே ஆடிராதீங்க. எண்ணெய் தேச்சு, மரச்சுத்தியால அடிச்சு அடிச்சுப் பழக்கணும்" என்றார்.

எண்ணெயில் சிக்கல் இல்லை. சனிக்கிழமை காலையில் மட்டைக்கு உச்சி முதல் நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டினார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கினால் காய்ச்சல் வரும் என்பது யாருக்கும் தெரிந்ததுதானே. மட்டை தூங்கிவிடாமல் முறை போட்டுப் பேச்சுக் கொடுத்தார்கள். மொக்கராசு தன் முறையில் அதற்கு உபரி மதிப்பை விளக்கினார். அப்போது மட்டும் அது கொஞ்சம் அசந்துவிட்டதோ என்று பிற்பாடு ஒரு சந்தேகம் இருந்தது.

அடிப்பதில்தான் தகராறு வந்தது.

"அடிக்கிறதை நான் ஏத்துக்க மாட்டேன்" என்றார் சன்னாசி. "அது என்ன தப்புப் பண்ணுச்சு?"

"பழக்கணும்னு பாய் சொன்னாருல்ல?"

"என்னையும் அப்படிச் சொல்லித்தான் அடிச்சாங்க."

வீரபத்திரன் மரச்சுத்தியை வாங்கி ஓரமாக வைத்தார். "நாம அடி வாங்கின ஆளுங்க. அடிக்கிற பக்கம் போய் நிக்க முடியாது. வாயால சொல்லியே பழக்குவோம்."

பிறகு மட்டையை நட்டு வைத்து ஒவ்வொருவராக அளந்தார்கள். வீரபத்திரனுக்குச் சரியாக இடுப்புக்கு வந்தது. பனை மாதிரி நின்ற இருளாண்டிக்குத் தொடையோடு நின்றுவிட்டது. சன்னாசிக்கு நெஞ்சை முட்டியது.

"கொஞ்சம் வெட்டிருவமா?" என்றார் இருளாண்டி.

"வெட்டினா உனக்கு இன்னும் குட்டையாத்தானப்பா போகும்" என்றார் மொக்கராசு.

"ஒருத்தருக்காக வெட்டினா இன்னொருத்தர் உரிமை பறிபோகும்" என்றார் வீரபத்திரன். "பேட்டு பொதுச்சொத்து. அதுல கை வைக்கக் கூடாது. ஆளைத்தான் சரிபண்ணணும்."

மறுநாள் ஆட்டம். மேலக்குடி முதலில் ஆடி நிறைய அடித்தது. அடுத்து நெடுங்கம்பட்டியின் முறை. இருளாண்டி மட்டையோடு இறங்க, அவருக்கு முன்னால் இரண்டு தோழர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஸ்டம்புக்கு முன்னால் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி அவரை உள்ளே நிறுத்தினார்கள். மட்டையைக் குழியின் விளிம்பில் நட்டதும் இடுப்புக்குச் சரியாக வந்தது.

நடுவராக நின்ற டிரில் மாஸ்டர் ஞானராஜ் யோசித்துப் பார்த்தார். குழியில் இறங்கி ஆடக் கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. "போடுங்கப்பா" என்றார்.

இருளாண்டி அடித்தார். பந்து நன்றாகவே போனது.

"ஓடுங்க தோழர்!"

"ஏறிக்கிட்டிருக்கேன் தலைவரே."

ஒரு காலை மேலே வைத்திருந்தபோது ஸ்டம்பைச் சாய்த்துவிட்டார்கள்.

அடுத்து சன்னாசி. குழியை மூடி, மேலே செங்கல் அடுக்கி, அவரை அதன்மேல் ஏற்றினார்கள். ஓங்கி வீசினார். மட்டை கையை விட்டுப் பறந்து போய் எல்லைக்கோட்டருகே நின்றவன் கையில் விழுந்தது. பந்து ஸ்டம்பில் விழுந்தது.

"அடிச்சாச்சா?" என்று கேட்டார் சன்னாசி, வெறுங்கையை உயர்த்தியபடியே.

இப்படி ஒவ்வொரு ஆளுக்கும் வெட்டினார்கள், மூடினார்கள், மறுபடி வெட்டினார்கள். ஆடிய நேரத்தைவிட மண் வேலை நடந்த நேரம் அதிகம். கடைசியில் வீரபத்திரன் இறங்கினார். அவருக்குக் குழி தேவையில்லை. ஆனால் மூடுவதற்குத் தோழர்கள் உடம்பில் தெம்பில்லை. உள்ளே நின்றே ஆடினார். வாயால் சொல்லிப் பழக்கிய மட்டை முதல் பந்திலேயே இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி அவரிடம் நிற்க, மறுபாதி போய் ஸ்டம்பைச் சாய்த்தது.

யார் ஜெயித்தது என்று எண்ணிப் பார்க்கும் அவசியம் வரவில்லை.

மேலக்குடித் தலைவன் பரமன் வந்தான். "திடல் எங்களுது. வெளிய வா பெருசு."

வீரபத்திரன் குழியை விட்டு அசையவில்லை. "திடல் உங்களுது, ஒத்துக்கிறேன். குழி?"

"குழியா?"

"தாசில்தார் தீர்ப்புல குழி கிடையாது. அது இன்னைக்கு நாங்க வெட்டினது. எங்க உழைப்பு."

பரமன் நடுவரைப் பார்த்தான். நடுவர் வானத்தைப் பார்த்தார்.

"சரி, உங்க குழியை நீங்களே எடுத்துட்டுப் போங்க. யாரு வேணாங்கிறா?" என்றான் பரமன்.

குழு உடனே கூடியது. எப்படிப் பெயர்ப்பது?

"பக்கத்துல வெட்டினா குழிக்குச் சேதாரம் வரும்" என்றார் மொக்கராசு. "அடியில வெட்டி அலுங்காமத் தூக்கணும்."

பதினொரு பேரும் இறங்கி அடியை வெட்டினார்கள். வெட்ட வெட்ட அடி இன்னும் கொஞ்சம் கீழே போய்விட்டது. விடாமல் துரத்தி வெட்டினார்கள். இருளாண்டியின் தலையும் தரைக்குக் கீழே இறங்கிய பிறகுதான் ஒருவர் அண்ணாந்து பார்த்தார்.

"மாட்டிக்கிட்டமா தலைவரே?"

வீரபத்திரன் மண்ணைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "மாட்டிக்கிறது வேற தோழர். இது உள்ளிருப்புப் போராட்டம்."

எல்லாருக்கும் தெம்பு வந்தது. கோரிக்கை என்ன என்று விவாதித்தார்கள். விவாதம் நீண்டது. கடைசியில் ஒரே குரலில் முழங்கினார்கள்: "ஏணி வேண்டும்!"

பரமன் போய் ஒரு ஏணியைக் கொண்டுவந்து உள்ளே இறக்கினான்.

பதினொரு பேரும் ஏணியைப் பார்த்தார்கள். யாரும் தொடவில்லை. அவர்கள் வாழ்நாளில் எந்தக் கோரிக்கையும் கேட்ட அன்றைக்கே நிறைவேறியதில்லை.

"கேட்டதும் குடுக்கிறான்" என்று வீரபத்திரன் காதில் சொன்னார் மொக்கராசு. "இதுல ஏதோ சூது இருக்கு."

வீரபத்திரன் ஏணியை மேலே தள்ளிவிட்டார். "முதல்ல பேச்சுவார்த்தை. அப்புறம்தான் ஏணி."

பரமன் விளிம்பில் குந்தினான். "சரி. எதைப் பத்திப் பேசணும்?"

"ஏணியைப் பத்தி" என்றார் வீரபத்திரன்.