முழங்கால் வரை வந்த மாப்பிள்ளை

ஒத்தப்பனைமேட்டில் பந்தல் போடும் நாலு பேரையும் தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். தெரிந்தவர்களிடம் சொல்வதற்கு எப்போதும் ஒரு கதை இருக்கும். இது சென்னியப்பனுக்குப் பெண் தேடிய கதை.

நாலு பேரில் நாச்சிமுத்துதான் மேஸ்திரி. அவர் சொன்னால் மற்ற மூன்று பேரும் மறுபேச்சுப் பேசாமல் செய்வார்கள். சங்கடமே அதுதான். மாரப்பன் எதையும் சந்தேகப்படுவான். திருமூர்த்தி எதையும் நம்புவான். சென்னியப்பன் கல்யாணம் ஆகாதவன். ஊரில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மூங்கில் நட்டுக் கயிறு கட்டியவன், தன் கல்யாணத்துக்கு மட்டும் கட்ட முடியாமல் முப்பத்தொன்பது வயதைத் தொட்டுவிட்டான். அவனுக்குப் பேசிக் கைகூடாமல் போன பெண்ணின் கல்யாணத்துக்கும் அவனே போய்ப் பந்தல் போட்டான். சாமியானாவை இழுத்துக் கட்டும்போது கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றான். எனக்கே மனசு கேட்கவில்லை.

இப்படியிருக்கும்போது தரகர் வையாபுரி ஒரு சேதியோடு வந்தார். மூணுகிணத்தூர் குழந்தைசாமியின் இளைய மகள், பெயர் ஜோதிமணி.

“பொண்ணு தங்கமுங்க. அப்பனுக்குத்தான் ஒரு பிடிவாதம். மூத்த மகளுக்கு வந்த போட்டோவுல மாப்பிள்ளை சுருட்டை முடியோட இருந்தாராம். கல்யாணத்தன்னிக்குப் பார்த்தா வழுக்கை. போன்லயே முடியை ஒட்டிப்போட்டாங்க. அதனால போன் படம் ஆகாதாம். பட்டனை அமுக்குன உடனே படத்தைக் கையில துப்புற கேமரா இருக்குதல்ல, அதுல எடுத்தாத்தான் பார்ப்பாராம். பெரிய படமா இருக்கோணும். தலையிலிருந்து கால் வரைக்கும் ஆளு உள்ளது உள்ளபடி தெரியோணும். வெள்ளிக்கிழமைக்குள்ள போகலீன்னா வேற எடத்து மாப்பிள்ளை போட்டோ வந்துரும்.”

வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

“இன்னொன்னு. போட்டோ அவங்களுக்குப் பிடிச்சுப்போனப்பறந்தான் மாப்பிள்ளை அங்க போகோணும். அது வரைக்கும் அந்த வீட்டுல தலை காட்டக் கூடாது, ஆமா.”

மறுநாளே நாலு பேரும் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினார்கள். கேமராக் கடை அம்மாள் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தார். சின்னதில் வரும் படம் ஏடிஎம் கார்டு அளவு. அடுத்ததில் வருவது சதுரம். மூன்றாவதில் வருவது நல்ல அகலம், ஓர் உள்ளங்கையை மறைக்கும்.

நாச்சிமுத்து இடுப்பிலிருந்த அளவு டேப்பை உருவினார். சென்னியப்பனைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். பிறகு மாதிரிப் படத்தை அளந்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“ஏனுங்கம்மா, ஆளு அஞ்சே முக்கால் அடி. பெரிய படம்னு சொல்றீங்க, நாலு அங்குலந்தான் இருக்குது. மீதி ஆளு எங்கீங்க?”

“படத்துல ஆள் சின்னதாத்தானே தெரிவாங்க?”

“போன்காரன் முடியைக் கூட்டறான், நீங்க ஆளையே குறைக்கறீங்க. ரெண்டும் ஏமாத்து வேலைதானுங்களே?” என்றான் மாரப்பன்.

அந்த அம்மாள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, இருப்பதிலேயே பெரிய படம் தருவது இதுதான், அஞ்சே முக்கால் அடிக்குப் படம் தரும் கேமராவைத் தான் கண்ணால் கண்டதில்லை என்றார். நாலு பேரும் கடைக்கு வெளியே போய் நின்று யோசித்தார்கள்.

“ஒரு துணி பத்தலீன்னா பந்தலுக்கு என்னடா பண்றோம்?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

“இன்னொரு துணியைச் சேர்த்துக் கட்டறோமுங்க,” என்றான் திருமூர்த்தி.

“அவ்வளவுதான். சென்னியப்பனைத் துண்டு துண்டா எடுத்துச் சேர்த்துக் கட்டிப்போடலாம்.”

சென்னியப்பன் கழுத்தைத் தடவிக்கொண்டான். “எடுக்கறப்ப வலிக்குங்களா?”

“கல்யாணம்னா கொஞ்சம் வலிக்கத்தான்டா செய்யும்,” என்றார் கல்யாணமான நாச்சிமுத்து.

அகலப் படக் கேமராவையே வாங்கினார்கள். படத்தாள் ஒரே ஒரு பாக்கெட்தான் கடையில் மிச்சம் இருந்தது, அதில் பத்துத் தாள். அடுத்த சரக்கு வர இரண்டு வாரம் ஆகுமாம்.

“வெயில் படாம வைங்க. எடுத்த உடனே வெறும் வெள்ளையா இருக்கும், பயந்துக்காதீங்க, ஆள் மெதுவா வருவார். அது வரைக்கும் ஆட்டாதீங்க,” என்று சொல்லி அனுப்பினார் அந்த அம்மாள்.

ஒத்தப்பனைமேடு வரும் வரைக்கும் பஸ்ஸுக்குள் கேமராவுக்குக் குடை பிடித்தார்கள். கண்டக்டர் எதுவும் கேட்கவில்லை. அவர் அந்த ஊர் வழியாகப் பல வருஷமாக டிக்கெட் கிழிக்கிறவர்.

முதல் படத்தில் நாச்சிமுத்துவின் மூக்கு விழுந்தது, கேமராவைத் திருப்பிப் பிடித்திருந்தார். நல்ல எடுப்பான மூக்கு. சென்னியப்பனுக்கே வைத்துவிடலாமா என்று திருமூர்த்தி ஆசையாகக் கேட்டான். அடுத்தவன் மூக்கை ஒட்டினால் அதற்குப் போனே தேவலையே என்று மாரப்பன் மறுத்துவிட்டான்.

இரண்டாவது படம் சரியாக வெளியே வந்தது. வெள்ளையாக.

“ஆள் மெதுவா வருவார்னு அந்தம்மா சொன்னாங்களே,” என்றான் திருமூர்த்தி.

“இங்கியே நிக்கறவன் எங்கிருந்துடா வரோணும்?” மாரப்பனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “சென்னியப்பா, நெசமாச் சொல்லு. நீ எங்க போயிருந்தே?”

“நான் எங்கியும் போகலியே!”

“தாள்ல நீ இல்லியே. தாள் பொய் சொல்லாதுன்னுதானே இதை வாங்குனோம்?”

சென்னியப்பன் தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டான். வலித்தது, ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தாளில் மங்கலாக ஒரு நெற்றி தெரிந்தது. “வந்துட்டான், வந்துட்டான்!” என்று திருமூர்த்தி ஓடிப் போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தான். தூரத்திலிருந்து வருகிறவனுக்குத் தாகம் எடுக்குமல்லவா. சென்னியப்பன் அதை வாங்கிக் குடித்துவிட்டு, வந்து சேர்ந்ததற்காகப் பெருமூச்சு விட்டான்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. நெற்றிக்கு அடுத்தது கண், அடுத்தது வாய், பிறகு கழுத்து, நெஞ்சு என்று இறங்கிக்கொண்டே போனார்கள். மேடைக்குப் போடும் பிளைவுட் பலகையை நிமிர்த்தி வைத்து, நெற்றியை நெற்றி உயரத்திலும் தொப்புளைத் தொப்புள் உயரத்திலும் டேப் பிடித்து ஒட்டினார்கள். நடுவில் வெற்றிடம் கிடந்தது. காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுவது பந்தல் தொழிலில் உள்ளதுதான்.

“கை எங்கீங்க?” என்றான் மாரப்பன்.

“பெரியவங்க முன்னாடி நிக்கறான்னு கையைப் பின்னால கட்டியிருக்கான். மரியாதை தெரிஞ்ச மாப்பிள்ளை,” என்றார் நாச்சிமுத்து.

கடைசித் தாளில் முழங்கால் வந்தது. அதற்குக் கீழே ஆள் இல்லை. கேமராவை எத்தனை முறை அமுக்கியும் வெறும் சத்தம்தான் வந்தது. விடிந்தால் வெள்ளிக்கிழமை.

சென்னியப்பன் பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டான். “கால் இல்லாத மாப்பிள்ளைக்கு யாருங்க பொண்ணு குடுப்பாங்க? கால் இருந்தப்பவே குடுக்கலியே,” என்று சொல்லி அழுதான். இந்தத் தடவை தூசி என்று சொல்லவில்லை.

நாச்சிமுத்து அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று தொடையைத் தட்டினார்.

“தரகர் என்னடா சொன்னாரு? அங்க தலை காட்டக் கூடாதுன்னுதானே சொன்னாரு? காலைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே!”

வெள்ளிக்கிழமை காலையில் குட்டியானை வண்டியில் பலகை மூணுகிணத்தூர் போய்ச் சேர்ந்தது. முழங்காலுக்குக் கீழே அறுத்து எடுத்திருந்த பலகையைப் பின்னாலிருந்து தூக்கிப் பிடித்தபடி சென்னியப்பன் கூடத்தில் நின்றான். மேலே ஒட்டிய மாப்பிள்ளை, கீழே சலவை வேட்டியும் இரண்டு காலும். தலை ஒரு மயிரிழைகூட வெளியே தெரியவில்லை. தரகர் வாக்கை அவர்கள் மீறுவார்களா?

குழந்தைசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகப் பார்த்தார். கீழே வந்ததும் குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

“மேல கொஞ்சம் விட்டு விட்டு விழுந்திருக்குது. ஆனா இந்தக் கால் இருக்குது பாருங்க, அப்படியே தத்ரூபம்!”

“பெரிய படம் எடுக்கற கேமராங்க,” என்றார் நாச்சிமுத்து அடக்கமாக.

அந்நேரம் பார்த்து ஒரு கட்டெறும்பு கடித்தது. வலது கால் இடது காலைச் சொறிந்தது. குழந்தைசாமிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“இதுலதான் யாரும் கை வைக்க முடியாது! போன்ல எடுத்திருந்தா அந்த எறும்பை அழிச்சிருப்பாங்க. எங்களுக்குப் பிடிச்சுப் போச்சுங்க. பிடிச்ச போட்டோவைத் திருப்பிக் குடுக்கற வழக்கம் எங்க வீட்டுல இல்லீங்க, இங்கியே இருக்கட்டும். புதன்கிழமை நாள் நல்லாருக்குது, மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்துருங்க.”

நாச்சிமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். புறப்படும்போது பலகை ஓரமாகக் குனிந்து, “ஆட்டக் கூடாதுன்னு கடைக்காரம்மா சொல்லியிருக்குது, ஞாபகம் இருக்கட்டும்,” என்று கிசுகிசுத்தார்.

பாதி வழியில் மாரப்பனுக்குச் சந்தேகம் வந்தது. “புதன்கிழமை நாம யாரைங்க கூட்டிட்டுப் போறது?”

“சென்னியப்பனைத்தான்.”

“அவன் அங்கதானே இருக்கான்?”

“செவ்வாய்க்கிழமை போய் அவனைக் கூட்டிட்டு வந்துட்டா, புதன்கிழமை கூட்டிட்டுப் போலாம்,” என்றார் நாச்சிமுத்து. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அங்கே மூணுகிணத்தூரில் மத்தியானச் சாப்பாடு ஆகி, வீட்டில் எல்லாரும் கண் அசந்திருந்தார்கள். ஜோதிமணி மட்டும் வந்து பலகை முன்னால் நின்றாள். நெற்றியைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், லேசாக நடுங்கிக்கொண்டிருந்த காலைப் பார்த்தாள். அடுக்களையிலிருந்து கொள்ளு ரசம் மணத்தது. பலகையின் தொப்புள் பக்கம் கடமுடவென்று ஒரு சத்தம் கேட்டது.

“பசிக்குதுங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“போட்டோவுக்குப் பசிக்காதுங்க,” என்றது பலகை.

“அப்ப மாப்பிள்ளைக்காவது சோறு எடுத்து வைக்கட்டுங்களா?”

பலகைக்குப் பின்னால் யாரோ எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது.

“வேண்டாமுங்க. அவரு புதன்கிழமைதானுங்க வர்றாரு. அதுக்குள்ள ஆறிப்போயிரும்.”