மூன்று சுற்று முறுக்கு

மாவு மில் வைத்திருக்கும் அருணகிரி இந்தக் கதையைப் பல வருடம் நம்பவில்லை. சொன்னவர் முறுக்கு வியாபாரி மாசிலாமணி. தன்னைப் பற்றிச் சொல்லும்போது எண்ணெயைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றுகிறவர். அது மட்டும்தான் காரணமா, அல்லது நம்பிவிட்டால் தன் மில்லில் இருக்கும் இரண்டு பேருக்கும் கூலியை உயர்த்த வேண்டிவருமே என்ற பயமா? அருணகிரி தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டது உண்டு.

மாசிலாமணி சொன்னது இதுதான்.

அவருடைய கொட்டகையில் எட்டுப் பெண்கள் கை முறுக்கு சுற்றினார்கள். அந்த வருடம் அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியது. அந்த அறிவிப்பை வேலை செய்கிறவர்கள் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்பது விதி. மாசிலாமணி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டே மாட்டினார். ஆயுத பூஜையன்று தராசுக்கும் அடுப்புக்கும் வைத்தது போல அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். கூலியை மட்டும் பழையபடியே கொடுத்தார்.

"முதலாளி, சந்தனத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கலாம்," என்றாள் எட்டுப் பேரில் மூத்தவளான சிட்டம்மாள். "சரியா எங்க கூலி மேலேயே அப்பிட்டீங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஒண்ணாந்தேதி பனியன் கம்பெனி வண்டி ஆள் எடுக்க வருது. எட்டுப் பேரும் ஏறிடுவோம்."

எட்டுப் பேரும் போனால் அடுப்பு அணைந்ததுதான். மாசிலாமணி யோசனை கேட்க ஊர் மடத்துக்கு ஓடினார். அங்கே இருந்த பெண் துறவி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் அவர் அம்மா.

"அம்மா, பெரிய கம்பெனி கொடுக்கும். நான் சின்ன ஆளு. சின்ன ஆளுக்குக் கொஞ்சம் குறைச்சல் இருக்கக் கூடாதா?"

அம்மா எழுந்து அவருடன் கொட்டகைக்கு நடந்தார். கையைக் கழுவிக்கொண்டு, பிசைந்த மாவில் ஓர் உருண்டை எடுத்துத் துணியின் மேல் சுற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. அதோடு நிறுத்திப் பொரிக்கச் சொன்னார். வெந்ததை மாசிலாமணியிடம் நீட்டினார்.

"இதை உங்க பேர்ல விப்பீங்களா?"

"மூணு சுத்துதானே இருக்கு? அஞ்சு சுத்துக்குக் கீழ என் கொட்டகையை விட்டு எதுவும் வெளிய போகாதும்மா."

"சின்னக் கடைதானே. கொஞ்சம் குறைச்சல் இருக்கக் கூடாதா?"

"அதுக்குப் பேரு முறுக்கே இல்லையே!" என்ற மாசிலாமணி, சுவரில் மாட்டியிருந்த கூலி அறிவிப்பைத் திரும்பிப் பார்த்தார்.

சிட்டம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கட்டுப்படி ஆகணுமேம்மா..."

"வெண்ணெய் விலை ஏறினப்ப என்ன பண்ணினீங்க?"

"முறுக்கு விலையை ஏத்தினேன்."

"சுத்தைக் குறைக்கலையா?"

"சேச்சே!"

"அப்ப வழி தெரிஞ்சவர்தான் நீங்க."

அம்மா அந்த மூன்று சுற்று முறுக்கை நூலில் கட்டி, அறிவிப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுவிட்டுப் போனார்.

மாசிலாமணி புதுக் கூலியைக் கொடுத்தார். விலையை ஏற்றிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். பஸ் ஸ்டாண்டு கடைக்காரர், "இந்த விலைக்கு இது முறுக்கா, மோதிரமா?" என்று கேலி செய்து விரட்டினார். ஒண்ணாந்தேதி காலையில் பனியன் கம்பெனி வண்டி வாசலில் வந்து ஹாரன் அடித்தது. சிட்டம்மாள் மாவுக் கையோடு வெளியே வந்தாள்.

"இங்க யாரும் வரல தம்பி. நாலு பாக்கெட் முறுக்கு வேணும்னா வாங்கிட்டுப் போ."

டிரைவர் வாங்கிக்கொண்டுதான் போனார். பொங்கலுக்குள் மோதிரம் என்றவரே முறுக்கு கேட்டு ஆள் அனுப்பினார். ஏப்ரலில் பஞ்சப்படி உயர்ந்தபோது மாசிலாமணி கண்ணாடியைத் தானே துடைத்து, புது அறிவிப்பை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார். எட்டுப் பேர் பன்னிரண்டு பேர் ஆனார்கள்.

இதெல்லாம்கூட நடக்கலாம் என்றுதான் அருணகிரி நினைத்தார். இடித்தது ஒரே இடம். முதல் தடவை சுற்றுகிறவர் கையில் மாவு அறுந்துபோகும். ஒரு துறவி அதை எப்படிச் சுற்றியிருக்க முடியும்?

போன மாதம், தன் மில் ஆட்கள் இரண்டு பேருக்கும் முதல்முறையாகப் புதுக் கூலியைக் கொடுத்துவிட்டு, அவர் மாசிலாமணியின் கொட்டகைக்குப் போனார். அந்த முறுக்கு இப்போது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தார். மூன்று சுற்றும் ஒரே கனம். எங்கும் ஓர் ஒட்டுக்கூட இல்லை. பின்னால் பன்னிரண்டு பெண்களின் சிரிப்பும் பேச்சுமாகக் கொட்டகை அதிர்ந்துகொண்டிருந்தது.

இத்தனை வருடமாக வைத்திருந்த கேள்வியை அருணகிரி அப்போதுதான் கேட்டார்.

"மாசிலாமணி, அம்மா காவி கட்டுறதுக்கு முன்னாடி யாரோட கொட்டகையில முறுக்கு சுத்தினாங்க?"