ஆனாடே என்றால் என்ன

"சாமி, இந்த ஆனாடேங்கிற வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்? எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்."

விழுந்து கும்பிட்ட தாண்டவராயர், எழுந்து உட்காரும்போதே இப்படிக் கேட்டார்.

பர்மாவில் மோல்மேன் நகருக்கு வெளியே, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய சிறிய பௌத்த மடம் அது. துறவி நந்தியர் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் தாண்டவராயர் அவரைத்தான் குருவாக வரித்திருந்தார். அரிசி ஆலைத் தமிழர்களுக்கு நடுவில் வளர்ந்ததால் துறவிக்குத் தமிழ் நன்றாக வரும். அதிகம் பேசமாட்டார், அது வேறு விஷயம்.

"என்ன நடந்துச்சு?" என்றார் துறவி.

நடந்தது இதுதான். தாண்டவராயரின் பர்மிய மனைவி மா சான் யி போன வாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாட்டோனிலுள்ள அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. பின்னாலேயே ஓடிப்போய்க் காரணம் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். திரும்பி வருவாயா என்றால் தரையைப் பார்க்கிறாள். குறை இருந்தால் அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு மட்டும் ஒரு வார்த்தை வந்தது. ஆனாடே.

மடத்தில் சமைக்கும் டோ மியா என்ற அம்மாள் துறவிக்கான சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். துறவிகள் தாமாக எதையும் எடுத்துச் சாப்பிடக் கூடாது. யாராவது இரு கைகளாலும் தூக்கிக் கொடுக்க வேண்டும். அந்தப் புண்ணியம் வந்தவருக்கே போகட்டும் என்று, தட்டைத் தாண்டவராயர் முன்னால் வைத்துவிட்டு அவள் ஒதுங்கிப் போனாள்.

தாண்டவராயருக்குக் கையை வீசிப் பேச இடம் போதவில்லை. தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் இதே வார்த்தைதான் என்று பொரிந்து தள்ளினார். பக்கத்து வீட்டுக்காரன் இவருக்கு ஏணியை இரவல் கொடுத்தான். அதைத் திருப்பிக் கேட்காமல் ஏணி இல்லாமலே மரம் ஏறி விழுந்து காலை உடைத்துக்கொண்டான். ஏனப்பா என்றால் ஆனாடே. விருந்துக்கு வந்தவர் பசியோடு உட்கார்ந்துகொண்டு வயிறு நிறைந்துவிட்டது என்கிறார். ஆனாடே. மனுஷனுக்குத் தலை வெடிக்காதா?

"கூச்சமா சாமி?"

"இல்லை."

"வெட்கமா?"

"அதுவும் இல்லை."

"மரியாதைன்னு வச்சுக்கலாமா?"

"கிட்டத்தில வருது. ஆனா இல்லை."

"அப்போ தமிழ்ல நீங்களே சொல்லுங்க."

துறவி மெல்லச் சிரித்தார்.

தாண்டவராயருக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. "நான் என்ன வாய்செத்த புருஷனா? தினமும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் கடையில நடந்ததை ஒண்ணு விடாம அவகிட்ட சொல்லுவேன். இப்படி மனசுவிட்டுப் பேசறவன்கிட்ட அவளுக்கு என்ன தயக்கம்?"

கதவருகே டோ மியா இருமினாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தாள். மறுபடியும் இருமினாள். குடும்ப விஷயம் பேசுகிற இடத்தில் இந்த அம்மாளுக்கு என்ன வேலை என்று தாண்டவராயர் முதுகைத் திருப்பிக்கொண்டு, மாமியார் காலத்திலிருந்து கதையை ஆரம்பித்தார்.

துறவி தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் டோ மியா உள்ளே வந்து, தொடாத தட்டை எடுத்துக்கொண்டாள்.

"சாமி இன்னும் சாப்பிடலையே, ஏன் எடுக்கிறீங்க?"

"உச்சிப்பொழுது தாண்டிடுச்சு ஐயா."

உச்சிக்குப் பிறகு துறவிகள் உண்பதில்லை. இனி நாளை விடிந்தால்தான் சாப்பாடு. வருஷம் தவறாமல் இதே மடத்தில் அன்னதானம் செய்கிற தாண்டவராயருக்கு இது தெரியாததல்ல. அவர் முகம் கறுத்துப்போனது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"நொந்துபோய்ப் பேசிட்டிருந்தீங்க. எப்படிச் சொல்றது? ஆனாடே."

தாண்டவராயர் துறவியின் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சாமி..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். கேட்டால், பசித்திருக்கும் அந்த மனிதர் உட்கார்ந்து தன்னைச் சமாதானப்படுத்த வேண்டிவரும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டார்.

அவரையே பார்த்துக்கொண்டிருந்த துறவி தணிந்த குரலில் கேட்டார்.

"வீட்டுல மா சான் யி எத்தனை மணிக்குச் சாப்பிடுவாங்க?"

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். தாண்டவராயர் வெகுநேரம் யோசித்தார்.

அவருக்குத் தெரியவில்லை.