பச்சை சாக்ஸ்

ஜெசிந்தா டீச்சர் ஆட்டம் பார்க்கும்போது பேச மாட்டார். மடியில் வறுத்த கடலைப் பொட்டலம் இருக்கும். எதைக் கேட்டாலும் வாயில் இருக்கும் கடலை தீர்ந்த பிறகுதான் பதில் வரும்.

துறைமுகக் கால்பந்துக் கழகத்துக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்து கொடுப்பது அவர் வேலை. அந்த வேலையைக் கற்றுக்கொள்ள அவரிடம் வந்தவர் மரியதாசன். கப்பல் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். டீச்சரைவிட வயதில் மூத்தவர். அதனால் டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். அவர் டீச்சரை டீச்சர் என்பார்.

கல்லூரிப் போட்டிகள் எல்லாம் முடிந்த பிறகு தூத்துக்குடியில் ஒரு நட்சத்திர ஆட்டம். பல கல்லூரிகளிலிருந்து பொறுக்கியெடுத்த கடைசி வருடப் பையன்களை வெள்ளை, நீலம் என்று இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிடுவார்கள். சட்டை, நடத்துகிறவர்கள் கொடுப்பது. சாக்ஸ் மட்டும் அவரவர் கல்லூரியுடையது. கேலரி முழுக்கக் கழகங்களின் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு அவர்கள் கண்ணில் படாதவன் பந்தை வைத்துவிட்டு வேறு பிழைப்பைப் பார்க்க வேண்டியதுதான்.

துறைமுகக் கழகத்தில் இன்னும் ஓர் இடம்தான் பாக்கி இருந்தது.

"ஆட்டம் முடிஞ்சதும் செயலாளர் போன் பண்ணுவாரு," என்றார் டீச்சர். "இந்தத் தடவ பேரு நீங்கதான் சொல்லணும் அண்ணாச்சி. நீங்க சொல்லுத பேர நான் மாத்த மாட்டேன்."

"தப்பாச் சொல்லிட்டா?"

"ஒரு பையன் வாழ்க்கை தப்பாப் போவும். அடுத்த சீசன்ல நீங்க கேலரிக்கு டிக்கெட் எடுத்து வரணும்."

மரியதாசன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஒரே ஆட்டத்துல ஒருத்தன எப்படி டீச்சர் எடை போடுறது?"

டீச்சர் கடலையை மென்றார். விசில் ஊதினார்கள்.

எல்லோரும் பார்க்க வந்தது சுபினை. பச்சை சாக்ஸ் கல்லூரி. அந்த சீசனில் யாரும் அவன் அளவு கோல் அடிக்கவில்லை. இன்று நீலச் சட்டையில் முன்னால் நின்றான். ஓடினான், கை தூக்கினான், பந்து கேட்டான். வந்த பந்தெல்லாம் அவனுக்குப் பின்னால் விழுந்தது, இல்லையென்றால் அவன் போய்ச் சேருவதற்குள் கோட்டைத் தாண்டியது.

"ஒண்ணுமே ஒழுங்கா வரமாட்டேங்குது அவனுக்கு," என்றார் மரியதாசன்.

அப்போதுதான் அது நடந்தது.

வெள்ளை அணியில் நடுவில் ஆடியவன் பிரைசன். அவனும் பச்சை சாக்ஸ்தான். சுபினோடு ஒரே கல்லூரியில் மூன்று வருடம் ஆடியவன். தன் கோலைப் பார்த்தபடி பந்தை வாங்கினான். இரண்டு நீலச் சட்டைகள் அவன் முதுகில் ஏறின. தலையைக் குனிந்தபடியே, ஓரக்கண்ணில் ஓடிய பச்சை சாக்ஸுக்கு முன்னால் பந்தைத் தள்ளிவிட்டான். கோலைக் காத்து நின்ற தன் அணியின் பேக்குகள் இருவருக்கும் நடுவில் பந்து உருண்டது. சுபின் ஓட்டத்தைக் குறைக்காமல் அப்படியே அடித்தான்.

கோல். வெள்ளை அணியின் வலையில்.

கேலரி ஒரு கணம் திகைத்துவிட்டுச் சிரித்தது.

"ஏல, எந்தக் கட்சில நீ?"

"சட்டைய மாத்திக் குடுங்கடே அவனுக்கு!"

பிரைசன் தலையில் கை வைத்து நின்றான். மற்ற கழகங்களின் ஆட்கள் சுபினுக்குக் கை தட்டினார்கள். மரியதாசனும் தட்டினார்.

"பாத்தீங்களா டீச்சர்? ஒரு சான்ஸ் போதும் சுபினுக்கு."

"பாத்தேன்," என்றார் டீச்சர்.

இடைவேளையில் டீச்சர் காலிப் பாட்டிலை நீட்டினார்.

"தண்ணி கொண்டாங்க அண்ணாச்சி. கேன்டீன்ல வேண்டாம். வெள்ளைப் பையங்க பக்கத்துல ஒரு கேன் இருக்கு, அதுல பிடிங்க."

மரியதாசன் போனார். வெள்ளைப் பையன்கள் ஒரே அணியாக உட்கார்ந்திருக்கவில்லை. சாக்ஸ் நிறம் வாரியாகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். பிரைசன் மட்டும் ஒவ்வொருவனிடமாகப் போய்க்கொண்டிருந்தான்.

"வீட்ல ஒன்ன என்னன்னு கூப்பிடுவாங்க?"

"போடே. எதிராளிக்குப் பாஸ் குடுத்துட்டு ஊர்க்கதை பேச வந்துட்டான்."

"பச்சையப் பாத்ததும் கால் தானாப் போயிட்டுடே. மன்னிச்சுக்க. கூப்புட்டா யோசிக்காம ஓடணும்லா, அதுக்குத்தான் கேக்கேன். என்னன்னு கூப்பிடுவாங்க?"

ஒன்பதாம் எண் சட்டைக்காரன் முனகினான். "குருவி."

கூரையில் தலை இடிக்கிற உயரத்தில் இருந்த பேக், கேட்பதற்கு முன்பே சொன்னான். "என்னய பாப்பாம்பாங்க. எவனாவது சிரிச்சீங்க, மிதிச்சிருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தள்ளி உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து கிட்டே வந்தார்கள்.

மரியதாசன் தண்ணீரோடு திரும்பினார்.

"கோலை விட்டுக் குடுத்துட்டுப் பேரு கேட்டுக்கிட்டுத் திரியுதான் டீச்சர் அந்தப் பய."

டீச்சர் தண்ணீர் குடித்தார்.

இரண்டாம் பாதியில் மைதானத்தில் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

"பாப்பா, விடு! பாப்பா!" என்று ஒரு குரல். அந்த நெடியவன் பந்தைத் தொடாமல் விலகினான். பந்து பின்னால் இருந்தவனிடம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. முதல் பாதியில் கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் கோலுக்கு அடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து ஆடினார்கள்.

"குருவி!"

ஒன்பதாம் எண் திரும்பிப் பார்க்காமல் ஓடினான். பந்து அவனுக்கு முன்னால் வந்து விழுந்தது. அடித்தான். ஆட்டம் சமன்.

முடியப்போகிற நேரத்தில் மறுபடி அதே குரல், அதே ஓட்டம். கீப்பர் பாய்ந்தது வீண்.

கடைசி விசில் ஊதியபோது மரியதாசன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர், நா சுபினச் சொல்லலாம்னு இருந்தேன். இந்தக் குருவி யாரு? இவன் பேர யாருமே கேள்விப்பட்டதில்லயே! எப்படி வந்து நிக்கான் பாருங்க, பந்து விழுத இடத்துல!"

"ஆமா. நல்லா ஓடுதான்."

"பேரு இவன்தான். சந்தேகமே இல்ல."

கீழே குருவியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. சுபினைச் சுற்றியும் கூட்டம். பிரைசன் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

டீச்சரின் போன் அடித்தது. டீச்சர் அதை எடுக்காமல் மரியதாசனிடம் நீட்டினார்.

"எடுக்க முன்ன ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி. சீசன் முழுக்க சுபின் அவ்வளவு கோல் அடிச்சான். இன்னைக்கு ஏன் ஒண்ணோட நின்னுட்டான்?"

"பந்து ஒழுங்கா வரல. ஒரே ஒரு பந்துதான் சரியா வந்துச்சு."

"குருவிக்கு?"

"ரெண்டாம் பாதிலதான்..." என்று ஆரம்பித்த மரியதாசன் நிறுத்தினார். கோல் கம்பத்தின் பக்கம் பார்த்தார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஆனா டீச்சர்," என்றார் மெதுவாக. "இவன் பேரச் சொன்னா செயலாளர் என்னப் பாத்துச் சிரிப்பாரு. ஊரே பாக்க எதிராளிக்குப் பாஸ் குடுத்தவன்."

டீச்சர் கடலைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எதிராளிக்கே அப்படிக் குடுக்கவன், நம்ம ஆளுக்கு எப்படிக் குடுப்பான் அண்ணாச்சி?"