கா என்று கூப்பிட்டவர்

மங்கையம்மைக்கு வயது நாற்பது. அவளுடைய சீடர் சிவக்கொழுந்துக்கு அறுபத்திரண்டு. "நான் பெத்த பிள்ளை மாதிரி அடம் பிடிக்கிறார்" என்று அம்மை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் மறுத்ததில்லை.

அந்தச் சிவக்கொழுந்து பதினோரு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எல்லாம் காக்கையால் வந்த வினை. செத்துப்போன அண்ணன் ஆவுடையப்பனுக்காகத் தினமும் மடத்து முற்றத்தில் இலை போட்டுச் சோறு வைத்து, தொண்டை கிழியக் "கா... கா..." என்று கூப்பிடுவார். காக்கைகள் மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். ஒன்றுகூட இறங்கி வாய் வைக்காது. அண்ணனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. தாகம் என்று வந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்த கை இல்லை அது.

"அண்ணன் நரகத்துக்குப் போயிட்டாரா அம்மா?"

"கூப்பிடுங்க. வந்தா கேட்டுக்கலாம்" என்றாள் அம்மை, கீரை ஆய்ந்தபடியே.

பன்னிரண்டாம் நாள் உச்சிவேளையில் கூப்பிட்டபோது குரல் உடைந்து அழுகையாகவே வந்தது. இலைக்குப் பக்கத்தில் தரை பிளந்தது.

காக்கைகள் அத்தனையும் பறந்தன. பிளவிலிருந்து மயிர் பொசுங்கும் நாற்றம் கிளம்பியது. கிணற்றுத் தண்ணீர் உலைநீராகக் கொதித்தது. பிறகு கைகள் வந்தன. தோல் உரிந்து தொங்கும் கைகள், விளிம்பைப் பற்றிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. கதையில் கேட்ட நரகம் நடு முற்றத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது! சிவக்கொழுந்து ஓடிப்போய் அம்மையின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார். அறுபத்திரண்டு வயது மனிதர்.

முதலில் ஏறி வந்த உருவத்துக்கு முகமெல்லாம் கருகியிருந்தது. இடதுகையின் ஆறாவது விரலை வைத்துத்தான் அண்ணன் என்று தெரிந்தது.

அம்மை மோர்ச்செம்பை நீட்டி, இப்படி மூச்சு வாங்க என்ன அவசரம் என்று கேட்டாள். அவன் செம்பைப் பார்க்கவே இல்லை. தம்பியைத் தேடினான்.

"என்னடா ஆச்சு உனக்கு? கா, கான்னு அலறினியே. காப்பாத்துன்னு கீழே நாங்க நாளெல்லாம் அலறுற சொல்லுடா அது. எங்களுக்குன்னு ஒருத்தரும் வந்ததில்லை. உனக்கும் அப்படி ஆயிடக் கூடாதுன்னு இவங்களையும் கூட்டிக்கிட்டு ஓடி வந்தேன்."

சிவக்கொழுந்து முன்னால் வந்தார். பயம் எங்கே போயிற்றோ.

"எனக்கு ஒண்ணும் ஆகலைண்ணே. சோறு வச்சுக் கூப்பிட்டேன், அவ்வளவுதான்."

அண்ணன் அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தான். "நல்லா இருக்கியா? அப்ப சரி" என்றான். கைகள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. தரை மூடிக்கொண்டது. சோறும் மோரும் வைத்தது வைத்தபடியே இருந்தன.

சூடு ஆறாத அந்த மண்ணைத் தடவித் தடவிச் சிவக்கொழுந்து வெகுநேரம் அழுதார். கடைசியில், நாளைக்குக் கூப்பிடவே பயமாக இருக்கிறது என்றார்.

"மறுபடியும் பதறிப்போய் ஏறி வந்துடுவாரே அம்மா. என்ன செய்யட்டும்?"

"நான் அவங்க எல்லாருக்கும் சேர்த்து அரிசி கூடுதலாப் போட்டுடறேன்" என்றாள் அம்மை. "நீங்க கான்னு கூப்பிடாம, வான்னு கூப்பிடுங்க."